ஒன்பதாவது பிழை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து எடுத்தேன். பிறகு ஒருவரும் வந்து "பத்மாசினிக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று கேட்கக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மதில் நாலரை அடி. நான் ஐந்தடி இரண்டு அங்குலம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பிரதீபா. வயது முப்பத்திரண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு பார்சல் கந்தோரில் வேலை. காங்கேசன்துறையிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். (கலியாணம் ஏன் சரிவரவில்லை என்பது வேறு கதை. அதுவும் என்னிடம் இருக்கிறது.) சனி, ஞாயிறு மத்தியானங்களில் விறாந்தையில் மடிக்கணினியோடு குந்தியிருந்து, மற்றவர்கள் செய்த கணினி விளையாட்டுகளில் பிழை பிடிப்பாள்.

பெரிய கம்பனிகள் செய்தவை என்று நினைக்காதீர்கள். பகல் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, ஆசைக்கு ஒராள் தனியக் கிடந்து செய்கிற விளையாட்டுகள். ஒரு ஊர் இருக்கும், அதில் ஒரு கதாநாயகன். நீங்கள்தான் அவன். அவனை நடத்திக்கொண்டு போய் ஊர்ச்சனத்தோடு கதைக்கக் கதைக்கக் கதை நகரும். முழுதும் முடியமுன் முதல் துண்டை 'டெமோ' என்று இணையத்தில் போடுவார்கள். பிரதீபா அதை அரை மணித்தியாலம் விளையாடிப் பார்த்து விமர்சனம் எழுதுவாள். அவளுடைய பக்கத்தின் பெயரே 'முதல் அரைமணித்தியாலம்'. சொந்தப் பெயர் போடுவதில்லை. வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஆம்பிளை என்று நினைத்து, "அண்ணை, வெட்டிப்போட்டியள்" என்று கீழே எழுதுவார்கள். அண்ணை அந்த நேரம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருப்பாள்.

எழுதியதைப் போடுமுன் ஒருதரம் சத்தமாக வாசித்துப் பார்ப்பது அவள் பழக்கம். எனக்கு இந்தத் துறையில் கிடைத்த படிப்பெல்லாம் அப்படிக் காதால் வந்ததுதான்.

2

எப்படித் தொடங்கலாம்?

மயிலிட்டித் துறைமுகத்தில் அன்று விடியப்புறம் மூன்று பேர் படகு ஏறி — [வேண்டாம். படகில் தொடங்கினால் எல்லாருக்கும் முடிவு தெரிந்துவிடும்.]

திரையில் ஒரு சின்ன உருவம் நனைந்தபடி — [அது பிறகு வரவேண்டியது. அவசரப்படாதை, பத்மா.]

பிரதீபா ஒரு நல்ல பிள்ளை — [இதற்கு மேல் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள்.]

சரி. போன ஐப்பசியில் அவள் எழுதிய விமர்சனத்திலிருந்தே தொடங்குகிறேன். விளையாட்டின் பெயர் 'கரைவலை'. செய்தவர் தன் பெயரைப் போடாமல் 'மயிலிட்டி 03' என்று மட்டும் போட்டிருந்தார். பிரதீபா அதில் பதினாலு பிழை கண்டாள். நான் முருங்கையிலை உருவிக்கொண்டு கேட்டதில் நினைவிருப்பவை இவை.

முதலாவது பிழை, கதாநாயகன் கட்டிலில் நித்திரையால் எழும்புகிறான். உலகத்தில் உள்ள எல்லாக் கன்னி முயற்சியிலும் கதாநாயகன் நித்திரையால்தான் எழும்புகிறான். கடலுக்குப் போகிற ஊரில் எவன் வெயில் ஏறும்வரை படுக்கிறான்? மூன்றாவது, ஊர்ச்சனம் இருபத்தாறு பேர், ஆளுக்கு ஒரேயொரு வசனம். நூறுதரம் போய்க் கேட்டாலும் "இண்டைக்கு நல்ல காத்து" என்பார்கள். நாலாவது, கதாநாயகன் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து அலுமாரியைத் திறக்கலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. (இந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் வேற்றாள் ஒருவன் படலையில் கை வைத்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.) ஆறாவது, மணலில் நடந்தால் குதிரை ஓடுகிற சத்தம். ஏழாவது, ஊர் முழுக்கக் கூரை. சண்டைக்குப் பிறகு சுவர் மட்டும் மிஞ்சின மயிலிட்டியில் இவ்வளவு கூரையை இவர் எங்கே கண்டார்? பதினோராவது, கடல் அசையவில்லை. நீலச் சீலை காயப்போட்ட மாதிரிக் கிடக்கிறது.

ஒன்பதாவதைத் தனியாகச் சொல்லவேண்டும்.

3

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிட்ட இருப்பது 'இது'. எங்கேயோ தள்ளி இருப்பது 'அது'. உங்களுக்குக் கிட்ட, உங்கள் காலடியிலோ தோளடியிலோ இருப்பது 'உது'. மற்ற ஊர்கள் தொலைத்துவிட்ட அந்த மூன்றாவது எழுத்தை நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம். "உதிலை வை" என்றால், கேட்டுக்கொண்டு நிற்கிற உங்களுக்குப் பக்கத்தில் வை. இந்த ஒரு எழுத்தில் நாங்கள் பிழை விடுவதில்லை. குழந்தைப்பிள்ளையும் விடாது.

'கரைவலை'யில் துறையடியில் ஒரு கிழவர் வலை பொத்திக்கொண்டு இருப்பார். கதாநாயகன் தனியாகத்தான் அவரிடம் போவான். திரையில் வேறு ஒரு குஞ்சுகுருமான் கிடையாது. கிழவர் நிமிர்ந்து கேட்பார்: "தம்பி, உதிலை நிக்கிறது ஆர்?"

பிரதீபா எழுதினாள்: "ஒன்பதாவது பிழை. 'அதிலை' என்று வரவேண்டிய இடத்தில் 'உதிலை'. பக்கத்தில் ஆளே இல்லாதவனைப் பார்த்து, உனக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்கிறார் கிழவர். மயிலிட்டி என்று பெயர் வைத்திருக்கிறவருக்கு மயிலிட்டித் தமிழ் தெரியாது."

பிறகு பதினாலாவது. அதுதான் முத்தாய்ப்பு. அதை மூன்றுதரம் வாசித்துப் பார்த்தாள். மூன்றாம்தரம் தனக்குள் சிரித்ததும் கேட்டது.

"பதினாலாவது பிழை. இதைத் தனியொருவர் செய்திருக்கிறார் என்பது நன்றாகத் தெரிகிறது. பக்கத்தில் ஒராள் இருந்திருந்தால் 'வேண்டாம், விடு தம்பி' என்று சொல்லியிருப்பார்."

அறுநூறு பேர் சிரித்தார்கள். 'மயிலிட்டி 03' ஒன்றும் எழுதவில்லை. அடுத்த கிழமை டெமோவை எடுத்துவிட்டார்.

4

மார்கழியில் மயிலிட்டியிலிருந்து போன படகொன்று கவிழ்ந்தது. மூன்று பேரில் இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். மூன்றாவது ஆள் மூன்றாம் நாள் வந்தான். பெயர் லோஜன், வயது இருபத்தைந்து, துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன்.

செத்தவீட்டுக்கு நான் போனேன். பெட்டியைத் திறக்கவில்லை. முன்னால் ஒரு படம், மாலை, குத்துவிளக்கு. அவனுடைய தங்கச்சி பிரியந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தாள். 'கரைவலை' என்ற சொல் அங்கேதான் இரண்டாம்தரம் என் காதில் விழுந்தது.

செத்தவீட்டால் வந்தால் தோய்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகவேண்டும். நான் கிணற்றடியில் தோய்ந்தேன். தலை துவட்ட முதலே மதிலடிக்கு வந்துவிட்டேன். பிரதீபா விறாந்தையில் இருந்தாள். "பிள்ளை, ஒண்டு சொல்லவேணும்" என்றேன்.

சொன்னது இவ்வளவுதான்: அந்த 'மயிலிட்டி 03' செத்துப்போன லோஜன்தானாம்; உன்னுடைய எழுத்தை வாசித்துவிட்டு மனம் விட்டுப்போய், கொம்பியூட்டரை விற்றுப்போட்டுக் கடலுக்குப் போனவனாம்.

அவள் மடிக்கணினியை மூடினாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் 'முதல் அரைமணித்தியாலம்' எழுதப்படவில்லை. கந்தோருக்குப் போவாள், வருவாள், லைற்றைப் போட மறந்து இருட்டுக்குள் இருப்பாள்.

[இந்தப் பகுதியில் ஒரு பிழை இருக்கிறது. பிரதீபாவைப்போல நீங்கள் எண்ணிக்கொண்டு வந்தால் குறித்து வையுங்கள். நான் பிறகு வருகிறேன்.]

5

முப்பத்தோராம் நாள் ஒரு சனிக்கிழமை. கீரிமலையில் லோஜனுக்கு அந்தியேட்டிச் சடங்கு முடித்து, சனம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிற நேரம். மத்தியானம் இரண்டரை. நல்ல வெயில். சீமெந்துத் தொழிற்சாலைப் பக்கமிருந்து ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

பிரதீபாவின் பக்கத்துக்கு ஒரு டெமோ வந்தது. கடிதம் இல்லை, வணக்கம் இல்லை. 'கரைவலை 2'. அனுப்பியவர் மயிலிட்டி 03.

லோஜனின் தங்கச்சியாக இருக்கும் என்று நினைத்தாள். அண்ணன் மிச்சம் விட்டதை ஆசைக்கு முடித்து அனுப்புகிறாள். அப்படி நினைத்ததும் கண் கலங்கியது; பழக்க தோஷத்தில் கொப்பியும் பேனையும் எடுத்தாள். (அவள் நினைத்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எல்லாவற்றையும் பிறகு அவளே சொன்னாள்.)

தொடக்கத்தில் கட்டில் இல்லை. கதாநாயகன் கரையில் நின்றான், இடுப்பில் கட்டின சாரம் நனைந்து கறுத்து. முதலாவது பிழை திருத்தியாச்சு என்று குறித்தாள்.

நடத்தினாள். குதிரைச் சத்தம் இல்லை. காற்றுச் சத்தமும் இல்லை. ஆறாவது சரி.

வீடுகளுக்குக் கூரை இல்லை. மேலிருந்து பார்க்க எல்லா அறையும் தெரிந்தது. குசினிக்குள் வேம்பும் படுக்கையறைக்குள் பூவரசும் வளர்ந்திருந்தன. ஏழாவது சரி. எந்த வாசலிலும் நுழைய முடியவில்லை. நாலாவது சரி. ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்த இருபத்தாறு பேரில் ஒருவரும் இல்லை. மூன்றாவதும் சரி.

ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு வரும்போது அவளுக்கு ஏதோ செய்தது. நல்ல திருத்தங்கள். அவள் கேட்ட திருத்தங்கள். கேட்டது கேட்டபடி எடுத்து எடுத்து, ஊரில் ஒன்றும் மிச்சம் இல்லாமல் போயிருந்தது.

துறையடியில் கிழவர் மட்டும் இருந்தார். அவரிடம் போனாள். அவர் நிமிர்ந்தார்.

"தங்கச்சி, உதிலை உன்னோடை நிக்கிறது ஆர்?"

ஒன்பதாவது மட்டும் திருத்தவில்லை என்று எழுதப் போனவள், பேனையை நிறுத்தினாள். போனதரம் 'தம்பி'. இந்தத்தரம் 'தங்கச்சி'. அண்ணை ஒரு பொம்பிளை என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாதே.

[எனக்குத் தெரியும். நான் ஒரேயொராளுக்குத்தான் சொன்னேன். செத்தவீட்டில், பிரியந்தினிக்கு, "உதை எழுதினது ஒரு பொம்பிளைப் பிள்ளை, எங்கடை பக்கத்து வீடுதான்" என்று. அந்த இடத்தில் வேறு ஒருவரும் இல்லை. அவளும் படமும்தான்.]

6

கதையை இடையில் நிறுத்துகிறேன். மன்னிக்கவேண்டும். எழுதுகிற இடத்தில் ஒரு சிக்கல்.

இதை நான் போனில் எழுதுகிறேன், ஆங்கில எழுத்தை அடிக்க அது தமிழாக்கித் தரும். விறாந்தையை வர்ணிக்க ஒரு வசனம் அடித்தேன்: 'அதிலை ஒரு கதிரை வெறுமையாய்க் கிடந்தது.' அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கிற பிளாஸ்ரிக் கதிரைதான். வாசித்துப் பார்த்தால் 'உதிலை ஒரு கதிரை' என்று இருக்கிறது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திருத்தினேன். திரும்ப உ. இன்னொருதரம் திருத்தினேன். உ.

பிழை போனில் இருக்கலாம். விரல் தடித்தவள் நான். ஆனால் 'உதிலை' என்றால் வாசிக்கிற உங்களுக்குப் பக்கத்தில் அந்தக் கதிரை கிடக்கிறது என்றாகிவிடும். அப்படி ஒன்றைச் சொல்ல நான் நினைக்கவேயில்லை. அந்த வசனத்தையே எடுத்துவிட்டேன்.

அந்தக் கதிரையைப் பற்றிய இன்னொரு வசனத்தையும் எடுத்துவிட்டேன். அதில் 'வெறுமையாய்' என்ற சொல் காணாமல் போயிருந்தது.

7

கிழவரின் கேள்விக்குக் கீழே மூன்று பதில்கள் தெரிந்தன. ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டும்.

ஒருத்தருமில்லை.
தெரியேல்லை.
நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்.

பிரதீபா முதலாவதை அமத்தினாள். கிழவர் அதே கேள்வியைக் கேட்டார். அவருக்குப் பின்னால் கடல் ஒரு கட்டம் முன்னுக்கு வந்தது. பதினோராவது பிழை: கடல் அசையவில்லை. இப்போது அசைந்தது.

இரண்டாவதை அமத்தினாள். அதே கேள்வி. கடல் கிழவருடைய வலையை மூடி, கதாநாயகனின் காலடிக்கு வந்தது. முதல் இரண்டு பதிலும் மறைந்து மூன்றாவது மட்டும் மிஞ்சியது.

கொப்பியைப் பார்த்தாள். பதின்மூன்று சரியும் ஒரு பிழையும் என்று கூட்டப் போனாள். பதினாலாவதுக்கு நேரே இன்னும் ஒன்றும் போடவில்லை. பக்கத்தில் ஒராள் இல்லை என்பதுதான் பதினாலாவது. அதை எப்படித் திருத்துவது? திருத்தியிருந்தால் —

திருத்தியிருந்தால் ஒன்பதாவது பிழையே இல்லை.

இதை அவள் எனக்கு விளங்கப்படுத்தினபோது இரண்டாம்தரம் சொல்லவேண்டி வந்தது. நீங்கள் கெதியாகப் பிடித்திருப்பீர்கள். பக்கத்தில் ஆள் இல்லாதபோது 'உதிலை நிக்கிறது ஆர்' என்பது பிழை. பக்கத்தில் ஆள் வந்துவிட்டால் அது நல்ல யாழ்ப்பாணத் தமிழ்.

நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அவள் கதிரையால் எழும்புவது தெரிந்தது. ஒடுங்கிய இடத்தில் பக்கத்தில் இருக்கிறவருக்குக் கால் படாமல் எழும்புவோமே, அப்படி ஒருபக்கமாய்ச் சரிந்து எழும்பினாள். மதிலடிக்கு வந்தாள். நடந்ததெல்லாம் சொன்னாள். வெயிலுக்குள் நின்றும் அவளுடைய கை மயிர் குத்திட்டு நின்றது.

"அந்த மூண்டாவதை அமத்தப்போறன் அன்ரி" என்றாள். "என்னாலைதான் அவன் கடலுக்குப் போனவன். அதை ஒருக்கா ஒத்துக்கொண்டால் விட்டிடுவான்."

பிறகு கேட்டாள்.

"நீங்கள் சொன்னது உண்மைதானே? கொம்பியூட்டரை வித்துப்போட்டுத்தான் போனவனோ?"

8

நாலாம் பகுதியில் ஒரு பிழை இருக்கிறது என்று சொன்னேன். இதுதான்.

கொம்பியூட்டரை அவன் விற்கவில்லை. அது நான் சேர்த்தது. செத்தவீட்டால் வரும் வழியில் பஸ்ஸில் இருந்து யோசித்தேன்: பிரியந்தினி சொன்னதில் கதை இல்லை. மனம் விட்டுப்போனவன், விற்றுப்போட்டுப் போனவன் என்றால் கதை நிமிர்கிறது. காங்கேசன்துறைச் சந்தியில் இறங்கும்போது எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது. எழுதுகிற ஆட்களுக்கு இது ஒரு வருத்தம், மாறாத நோய்.

பிரியந்தினி சொன்னது வேறு. அவளுடைய அண்ணை அந்த விமர்சனத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவராம். "ஆரோ ஒராள் குந்தியிருந்து முழுக்க விளையாடிப் பாத்து, பதினாலு பிழை எண்ணியிருக்குது பிள்ளை" என்று சிரித்துச் சிரித்துத் திருத்தினவராம். டெமோவை எடுத்ததே அதற்குத்தானாம். படகில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு இவரைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு முடிந்தது, மிச்சம் இரண்டையும் வந்து பார்ப்பம் என்று சொல்லிவிட்டுப் போனவர். அதன்பிறகு அந்த அறையை அவள் திறக்கவில்லை. அவளுக்குக் கொம்பியூட்டரைப் போடவும் தெரியாது.

ஆகவே முடிவுகள்.

(அ) நான் உண்மையைச் சொல்கிறேன். பிரதீபாவின் குற்றம் அந்த நிமிடமே போய்விடும். அவள் என்னோடு இனிக் கதைக்கமாட்டாள், அதைத் தாங்கலாம். ஆனால் அடுத்த கேள்வி வரும். பன்னிரண்டை அவன் திருத்தினான், மிச்சம் இரண்டையும் திருத்தியது யார்? கோபத்தில் வந்தவன் என்றால் மன்னிப்புக் கேட்டு அனுப்பலாம். தன்னுடைய விளையாட்டை முழுக்கப் பார்த்த ஒரேயொராளைத் தேடி ஆசையாய் வந்தவனை என்ன சொல்லி அனுப்புவது?

(ஆ) நான் "ஓம் பிள்ளை" என்கிறேன். அவள் போய் மூன்றாவதை அமத்துகிறாள். அந்தப் பதில் அவளுடையது இல்லை. பக்கத்து வீடுதான் என்று படத்துக்கு முன்னால் நின்று வழி சொன்னது நான். பொய்ப் பதிலுக்குக் கடல் என்ன செய்யும் என்று இரண்டுதரம் பார்த்தாயிற்று.

(உ) — [இதை நான் அடிக்கவில்லை. அ, ஆ, பிறகு இ என்றுதான் அடித்தேன். அந்த மூன்றாவது முடிவு எதுவென்று எனக்குத் தெரியாது. அதை விட்டுவிடுகிறேன்.]

உண்மையில் நான் செய்தது இதில் ஒன்றுமில்லை. "பொறு பிள்ளை, அடுப்பிலை சோறு பொங்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். சோறு மத்தியானமே வடித்தாயிற்று. குசினிக்குள் நின்று இதை எழுதத் தொடங்கினேன், எழுதினால் சொல்ல வந்துவிடும் என்று. எட்டுப் பகுதியும் எழுதியாயிற்று. சொல்ல வரவில்லை.

யன்னலால் பார்க்கிறேன். அவள் இன்னும் மதிலில் கை வைத்துக்கொண்டு என் கதவைப் பார்த்தபடி நிற்கிறாள். இடக்கையைத்தான் வைத்திருக்கிறாள். வலப்பக்கம் ஒராள் நிற்கிற அளவு இடம் விட்டிருக்கிறாள். எத்தனைபேர் என்று நான் எண்ணப்போவதில்லை.

அவள் விறாந்தைக்குத் திரும்பினால் அமத்திவிடுவாள். அதற்கு முன் ஒராள் போய்ச் சொல்லவேண்டும். என்னுடைய வாயை அவள் இனி நம்பக்கூடாது. நான் சொன்னால் இதையும் கதை என்பாள். உங்களுக்கு இப்போது எனக்குத் தெரிந்தது எல்லாம் தெரியும். நீங்கள் போங்கள். குசினிக் கதவு திறந்துதான் கிடக்கிறது, கிணற்றடியில் பாசி, பார்த்துக் காலை வையுங்கள். தொடங்கிற சொல்லை நான் தருகிறேன், மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள்:

"பிள்ளை, அந்தக் கொம்பியூட்டர்க் கதை